சீக்காளி பிஸ்கட்

நசரத்பேட்டையில் அவள் வளர்ந்த வீட்டில் பிஸ்கட் இரண்டே வகை. திங்கிற பிஸ்கட், சீக்காளி பிஸ்கட். டீக்கடைக் கண்ணாடி பாட்டிலில் அடுக்கி வைத்திருக்கும் தேங்காய் பிஸ்கட், பட்டர் பிஸ்கட், உப்பு பிஸ்கட் எல்லாம் முதல் வகை. காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்கும் வாங்கிப்போவது இரண்டாம் வகை.

யாரையாவது பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் அப்பா பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிஷம் நிற்பார். அரை டஜன் சாத்துக்குடி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு மேரி பாக்கெட். கேள்வியே கிடையாது, தாம்பூலத்தட்டில் வெற்றிலை பாக்கு மாதிரி. ரஷ்ய இளவரசி மரியாவின் திருமணத்தை ஒட்டி 1874இல் லண்டனில் பீக் ஃப்ரீன் கம்பெனி போட்ட கல்யாண பிஸ்கட் அது. தமிழ்நாட்டுக்கு வந்துசேர்ந்தபோது நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டது. பன்ரொட்டியின் கதியும் அதுதான். அவள் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு ரொட்டி கொண்டுபோன நாளில், பக்கத்தில் இருந்த பெண் சட்டென்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாளாம், சுடுகிறதா என்று.

இந்தப் பின்னணியைச் சொல்லாமல் இஞ்சி ஓட்ஸ் பிஸ்கட்டைப் பற்றிப் பேச முடியாது. ஏனென்றால் அதில் சேரும் இரண்டு சரக்கும் அந்த வீட்டுக்குள் மருந்தாகத்தான் வந்தன.

சுக்கு முதலில் வந்தது. ஆயாவின் காலத்திலிருந்தே அஞ்சறைப் பெட்டிக்கு வெளியே, வசம்பும் கடுக்காயும் மாசிக்காயும் கிடக்கும் தகர டப்பாவில் சுக்குக்கு நிரந்தர இடம் உண்டு. குழந்தைக்கு வயிறு உப்பினால் சுக்கு, தலைபாரத்துக்கு இழைத்து நெற்றியில் பற்றுப்போடச் சுக்கு, மழைநாளில் மல்லியோடு தட்டிப்போட்டுச் சுக்குக் காப்பி. தோலைச் சீவாமல் தட்டிவிட்டால் ஆயாவுக்குக் கோபம் வந்துவிடும். சுக்குக்கு வெளியே நஞ்சு, கடுக்காய்க்கு உள்ளே நஞ்சு என்பது சித்த வைத்தியக் கணக்கு. ஆயா எந்த ஏட்டையும் படித்தவர் அல்ல. கத்தியால் அந்தத் தோலைச் சுரண்டும் சத்தம்தான் அவளுக்கு முதல் பாடம்.

வீட்டுக்கு வெளியே இஞ்சிக்கு வேறு முகம். நசரத்பேட்டை பெங்களூர் நெடுஞ்சாலையின் மேல் உட்கார்ந்த ஊர். பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம், வேலூர் போகிற பஸ்ஸெல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும். பஸ் புறப்படும் முன் ஒருவர் ஏறுவார். கையில் பிளாஸ்டிக் டப்பா, அதில் காகிதம் சுற்றிய இஞ்சி மரப்பா. பித்தம், வாந்தி, தலைசுற்றல், அஜீரணம், ஏப்பம் என்று ஒரே மூச்சில் நோய்ப்பட்டியலை ஒப்பித்தபடி கேட்டவர் கேட்காதவர் மடியிலெல்லாம் ஆளுக்கொரு துண்டு போட்டுக்கொண்டே கடைசி சீட் வரைக்கும் போவார். திரும்பி வரும்போது காசு கொடுப்பவர் கொடுக்கலாம், மற்றவர் துண்டைத் திருப்பிக் கொடுக்கலாம். அவள் பலமுறை தின்றுவிட்டு, காசுக்காக அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்கிறாள். மருந்து என்று சொல்லி விற்பார்கள், மிட்டாய் என்று தின்பார்கள். இரண்டும் ஒரே பொருளாக இருக்கலாம் என்பதற்கு அவள் பார்த்த முதல் சாட்சி அந்த மரப்பாதான். பெயர்கூட அரபு, பாரசீகம் வழியாக வந்த முரப்பா, சர்க்கரையில் ஊறியது. இஞ்சிக்கு இப்படி ஊர் சுற்றுவது புதிதில்லை. கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ் ஆகி இங்கிலீஷில் ஜிஞ்சர் ஆன சொல்லின் அடியில் நம் இஞ்சிவேர் கிடக்கிறது என்று சொல்லாராய்ச்சி செய்பவர்கள் காட்டுகிறார்கள்.

அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. 1964இல் ஆரம்பித்த அந்தத் தொழிற்பேட்டைதான் சென்னையின் மேற்குப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அடுப்பு எரிய வைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வில்லிவாக்கத்து அத்தை வீட்டுக்குப் போகும்போது பஸ் பாடி வழியாகப் போகும். அங்கே ஒரு நிறுத்தத்துக்கே பிரிட்டானியா என்று பெயர். எம்.டி.எச். ரோடு முழுக்க டீசல் புகைதான். அந்த ஒரு இடத்தில் மட்டும் காற்றில் வெந்த மாவும் வெண்ணெயும் மணக்கும். பஸ்ஸில் தூங்குகிற பிள்ளைகள்கூட எழுந்து உட்காரும். சிக்னல் விழுந்து வண்டி நின்றால் கொண்டாட்டம். காசில்லாமல் தின்ற பிஸ்கட் என்று அவள் இன்றைக்கும் அதைச் சொல்வாள்.

1892இல் கல்கத்தாவில் ஒரு சின்ன வீட்டில் 295 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய கம்பெனி பிரிட்டானியா. அதே 1892இல் ஸ்காட்லாந்தில் மெக்விட்டி கம்பெனியில் அலெக்சாண்டர் கிராண்ட் என்பவர் ஒரு கோதுமை பிஸ்கட்டுக்குப் பக்குவம் கண்டுபிடித்தார். அதில் சமையல் சோடா நிறைய. சோடா சீரணத்துக்கு நல்லது என்ற நம்பிக்கையில் அதற்கு டைஜெஸ்டிவ் என்றே பெயர் வைத்தார்கள். வயிற்று மருந்தாக விற்ற பிஸ்கட்டைப் பிறகு உலகமே டீயில் தோய்த்துத் தின்றது. நசரத்பேட்டை வீட்டில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான், கொஞ்சம் சிறிய அளவில்.

ஓட்ஸ் வந்தது 2008இல்.

அந்த வருஷம் அப்பா ரிட்டயர் ஆனார். ஒரு மாதத்துக்குள் சுகர் என்று தெரிந்தது; கூடவே கொலஸ்ட்ரால். டாக்டர் சீட்டின் பின்பக்கத்தில் அரிசி பக்கம் ஒரு பெருக்கல் குறி, ஓட்ஸ் பக்கம் ஒரு டிக். அதற்கு இரண்டு வருஷம் முன்புதான், 2006இல், குவேக்கர் ஓட்ஸ் இந்தியக் கடைகளில் பெரிய அளவில் இறங்கியிருந்தது. பூந்தமல்லி டிரங்க் ரோடு மளிகைக் கடைகளில் சத்துமாவு டப்பாக்களுக்குப் பக்கத்தில், அதாவது கிட்டத்தட்ட மருந்துவரிசையில், அந்தத் தொப்பிக்காரர் படம் போட்ட பாக்கெட்டுகள் நின்றன.

அம்மா அதைக் கஞ்சியாகக் காய்ச்சினாள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"இன்னாம்மா இது, போஸ்டர் ஒட்றதுக்குக் காய்ச்சினியா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஓட்ஸ் நம் வாய்க்குப் பழகாத தானியம். வட இந்தியாவில் அதை மாட்டுத் தீவனமாகத்தான் அதிகம் பயிரிடுகிறார்கள். நாம் தின்னும் ஓட்ஸில் பெரும்பங்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வருவது. ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன்கூட 1755இல் ஓட்ஸுக்குப் பொருள் சொல்லும்போது, இங்கிலாந்தில் குதிரை தின்பதை ஸ்காட்லாந்தில் மனிதர் தின்கிறார்கள் என்கிற மாதிரி ஒரு குத்து குத்தினார். இதைக் கேட்டு நாம் சிரிக்கக் கூடாது. கொள்ளைக் குதிரைக்கும் வைத்துவிட்டு, ரசமும் வைத்துக் குடிக்கிற ஊர்தானே இது.

ஆக, மேல்தட்டில் தின்னப்படாத ஓட்ஸ் ஒரு கிலோ. கீழ்தட்டில் தகர டப்பாவில் சுக்கு. இவை இரண்டும் சந்திக்க மெல்போர்னிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

அத்தை மகள் அங்கே நர்ஸ். 2009 பொங்கலுக்கு வந்தவள், ஓட்ஸ் பாக்கெட்டைப் பார்த்ததும், "மாமா, எங்க ஊர்ல இதுல பிஸ்கட் போடுவாங்க" என்றாள். அவள் சொன்னது அன்சாக் பிஸ்கட். 1915இல் கலிப்போலியில் இறங்கிய ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துப் படையின் பெயரைத் தாங்கியது. ஓட்ஸ், தேங்காய்த்துருவல், மாவு, வெண்ணெய், பொன்னிறச் சர்க்கரைப் பாகு. முட்டை கிடையாது. அன்சாக் என்ற பெயரைக் கடைச்சரக்குக்கு இஷ்டம்போல் வைக்க முடியாதபடி 1921 முதல் அங்கே சட்டமே இருக்கிறது. பக்குவத்தை மாற்றினால் அந்தப் பெயரில் விற்க விடமாட்டார்கள்; குக்கி என்று அழைப்பதும் ஆகாது. அத்தை மகள் அதில் இஞ்சி போடுவாள். எனவே நசரத்பேட்டையில் செய்ததை அன்சாக் என்று சொல்ல வழியில்லை. அம்மா முதல் நாளே பெயர் வைத்துவிட்டாள்: சீக்காளி பிஸ்கட்.

முதல் தடவை அது பிஸ்கட்டாக வரவில்லை. கோளாறு முழுக்க அம்மாவின் மகளுடையது. இஞ்சி என்றால் பச்சை இஞ்சி என்று எடுத்துக்கொண்டாள். ஒரு விரல் நீளத்தைத் துருவிச் சாறு பிழிந்து, வெதுவெதுப்பான பாலில் கலந்து, மாவு பிசையத் தயாராக வைத்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் பால் திரிந்து தயிர்போல் தளதளத்தது. பால் கெட்டுப்போனது என்று நினைத்து இன்னொரு டம்ளர் எடுத்தாள். அதுவும் அப்படியே. சரி போகட்டும் என்று அதையே ஊற்றிப் பிசைந்து சுட்டாள். வெளியே கறுப்பு, உள்ளே களி. அப்பா ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினார். அது அழுந்தின இடத்திலேயே நின்றது.

விஷயத்தை விளக்கியவர் தெருமுனை டீ மாஸ்டர். இஞ்சி டீ போடும்போது இஞ்சியைத் தட்டித் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகுதான் பால் ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் பால் முறியும் என்றார். இது டீக்கடையில் வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் வாரத்தில் தெரிந்துவிடும் பாடம். பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தை அறுக்கும் நொதி ஒன்று இருக்கிறது. சிங்கிபெய்ன் என்று பெயர். கொதித்தால் அது செயலிழந்துவிடும். தென்சீனத்தின் குவாங்டாங் பகுதியில் இதையே வித்தையாக்கி, சூடான பாலை இஞ்சிச் சாற்றின் மேல் ஊற்றி உறையவைத்து, கரண்டியால் எடுத்துத் தின்னும் இனிப்பாகச் செய்கிறார்கள். சீஸ் செய்பவர்கள் பாலை உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் செய்யும் வேலையும் இதே வகைதான். அன்றைக்கு அவள் பிஸ்கட் செய்யப்போய்ப் பாதி சீஸ் செய்திருக்கிறாள். சீஸ் கதை பிறகு வருகிறது.

இரண்டாம் தடவை ஆயாவின் தகர டப்பா திறந்தது. காய்ந்த பண்டத்துக்குக் காய்ந்த இஞ்சி: யோசித்துப் பார்த்தால் எவ்வளவு எளிய கணக்கு! சுக்கைத் தோல் சுரண்டி, இரும்பு உரலில் நசுக்கி, மிக்ஸியில் ஓட்டி, மெல்லிய துணியில் சலித்தாள். நாரெல்லாம் துணியில் தங்கிவிட்டது. பொடியை மூக்கருகில் கொண்டுபோனதும் தும்மல். பச்சை இஞ்சியில் உறைப்புக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற சேர்மம். காயும்போது அது நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது. ஷோகா என்றால் ஜப்பானிய மொழியில் இஞ்சி. ஜிஞ்சராலைவிட ஷோகால் அதிகம் சுடும். அதனால்தான் சுக்குக் காப்பி தொண்டையில் இறங்கி நெஞ்சுவரைக்கும் எரிச்சலை அனுப்புகிறது. அடுப்பில் வேகும்போது இன்னொரு மாற்றம் நடந்து, சிஞ்சரோன் என்று மென்மையான, லேசாக இனிக்கிற மணம் ஒன்று கிளம்பும். பிஸ்கட்டில் இந்த இரண்டும் சேர்ந்து வரும். முதல் கடியில் மணம், விழுங்கிய பிறகு காரம்.

அத்தை மகளின் பொன்னிறப் பாகுக்கு அம்மா பனங்கருப்பட்டியைப் போட்டாள். 150 கிராம் ஓட்ஸ். அதில் பாதியை மிக்ஸியில் ஒரு சுற்று, மீதி அப்படியே. 100 கிராம் கோதுமை மாவு. ஓட்ஸில் கோதுமையின் பசைத்தன்மை இல்லை, தனியாக விட்டால் மணல்மாதிரி உதிரும். பிடித்துக்கொள்ளக் கோதுமை வேண்டும். 100 கிராம் ஆவின் வெண்ணெய். 80 கிராம் கருப்பட்டியை இரண்டு கரண்டித் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் கெட்டியாகக் காய்ச்சிய பாகு. சுக்குப்பொடி இரண்டு டீஸ்பூன், மிளகுப்பொடி ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை. சமையல் சோடா அரை டீஸ்பூனை ஒரு கரண்டி வெந்நீரில் கரைத்துச் சூடான பாகில் ஊற்றினால் பொங்கி நுரைத்துக்கொண்டு மேலே வரும். கருப்பட்டியில் உள்ள லேசான புளிப்பு சோடாவைக் கிளப்பிவிடுகிறது. அந்த நுரை அடங்குமுன் மாவில் கொட்டிக் கிளற வேண்டும். பிஸ்கட்டின் மேல் வாய்பிளந்த வெடிப்புகள் வருவது இதனால்தான்; வெடிப்பு இல்லையென்றால் சோடா தூங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஓவன் கிடையாது. குக்கரின் அடியில் ஒரு கிலோ கல்லுப்பைப் பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, பத்து நிமிஷம் சூடேற்றி, உள்ளே ஸ்டாண்டு வைத்து, நெய் தடவிய தட்டை இறக்கினார்கள். ஒரு ஈட்டுக்கு ஐந்து பிஸ்கட். இருபது பிஸ்கட்டுக்கு நாலு ஈடு, ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிஷம். வெளியே எடுத்தவுடன் மெத்தென்று இருக்கும், ஏமாறக் கூடாது. ஆறினால்தான் முறுகும். அம்மா ஆறும்வரைக்கும் யாரையும் தொடவிடவில்லை. அவள் கண் எதிரிலேயே அப்பா மூன்றாவதை எடுத்தார்.

அன்றிலிருந்து பிஸ்கட் டப்பாவை மேல்தட்டுக்கு ஏற்றியும் பயன் இல்லாமல் போயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பத்திரிகைகளில் ஓட்ஸ் பண்டம் எதைப் பற்றி எழுதினாலும் ஆரோக்கியம் என்று ஒரு முத்திரை குத்திவிடுகிறார்கள். கணக்கு அப்படி வரவில்லை. ஓட்ஸில் உள்ள பீட்டா-குளூக்கன் என்ற நார்ச்சத்து ஒரு நாளைக்கு 3 கிராம் சேர்ந்தால் கொலஸ்ட்ரால் குறைய உதவும் என்று சொல்லிக்கொள்ள அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997இல் அனுமதி கொடுத்தது. ஓட்ஸில் ஏறக்குறைய நூற்றுக்கு நாலு பங்கு அது. ஒரு சீக்காளி பிஸ்கட்டில் ஓட்ஸ் ஏழரை கிராம். அப்படியென்றால் பத்து பிஸ்கட் தின்றால்தான் அந்த 3 கிராம் கிடைக்கும். பத்து பிஸ்கட்டோடு 50 கிராம் வெண்ணெயும் 40 கிராம் கருப்பட்டியும் உள்ளே போகும். கருப்பட்டியில் இரும்புச்சத்து இருக்கலாம், பெரும்பகுதி சர்க்கரைதான். "சீனி இல்லை டாக்டர், கருப்பட்டிதான்" என்று அப்பா பெருமையாகச் சொன்னபோது அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். நாளுக்கு ஒன்று, அதுவும் சாயங்காலம், என்று வரம்பு விதித்தார். அப்பா அந்த ஒன்றைப் பத்து நிமிஷம் தின்னக் கற்றுக்கொண்டார்.

அதாவது, மருந்து என்ற சாக்கில் வீட்டுக்குள் நுழைந்தது மருந்தில்லை என்று தெரிந்த பிறகும் போகவில்லை.

இஞ்சியும் ஓட்ஸும் சேர்ந்த பண்டத்துக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கத்தில் ஒரு மூத்த உறவு உண்டு என்பது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பார்க்கின் என்று பெயர். ஓட்ஸ் மாவு, கருப்புச் சர்க்கரைப் பாகு, சுக்குப்பொடி சேர்த்துச் சுட்ட கேக். செய்த அன்றே தின்பதில்லை, சில நாள் டப்பாவில் மூடிவைத்து இளகவிட்டுத் தின்பார்கள். எப்போது என்பதுதான் சுவாரசியம்: நவம்பர் 5ஆம் தேதி இரவு, தெருவெல்லாம் சொக்கப்பனை கொளுத்தி, வாணவேடிக்கை விடுகிற கை ஃபாக்ஸ் நாளில். குளிர் தொடங்கும் ஐப்பசி மாதம், பட்டாசு, இஞ்சியும் வெல்லமும் சேர்ந்த ஒரு கறுப்புப் பண்டம். இதை நாம் தீபாவளி லேகியம் என்கிறோம். இரண்டு ஊரும் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டியதில்லை. குளிரும் வயிறும் எங்கேயும் ஒன்றுதான். லேகியத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு நக்கிய பிள்ளைகள் பிஸ்கட்டுக்கு வரிசையில் நின்றார்கள், அவ்வளவு வித்தியாசம்.

2015 டிசம்பர் 1 வெள்ளத்தைப் பற்றி நசரத்பேட்டைப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை இருக்கும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. அன்றைக்கு மதகுகளில் விநாடிக்கு 29,000 கன அடிவரை திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் அடையாற்றில் இறங்கிக் குன்றத்தூர், திருநீர்மலை வழியாக நகரத்துக்குள் போனது. நசரத்பேட்டைக்கு வந்தது மழைத்தண்ணீரும் இருட்டும். தெருவில் முழங்கால் அளவு. கரண்ட் இல்லை, செல்போன் செத்துவிட்டது, பால் வண்டி வரவில்லை. சென்னையில் சில இடங்களில் பால் பாக்கெட் 100 ரூபாய்க்கு விற்றது. அவளுக்கு அப்போது நாலு வயதில் ஒரு மகன். கார்த்திகை தீபத்துக்கென்று செய்ததில் மிச்சம் இருந்த பிஸ்கட் இரண்டு டப்பா. மாடியில் ஒதுங்கியிருந்த மூன்று குடும்பத்துக்கும் அதுவே காலைச் சாப்பாடு, பால் இல்லாத சுக்குத்தண்ணீரில் தோய்த்து. ஈரக்காற்றில் மற்ற முறுக்கு, சீடையெல்லாம் நமுத்துப்போன பிறகும் அது தாக்குப்பிடித்தது. நமுத்தாலும் கெடுதல் இல்லை, பார்க்கின் மாதிரி ஆகிவிடும். மூன்றாம் நாள் யாரோ டிராக்டரில் கொண்டுவந்து வீட்டுக்கு இரண்டு பாக்கெட் பிஸ்கட் கொடுத்தார்கள். மேரி. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இப்ப நிஜமாவே சீக்காளி ஆயிட்டோம்" என்றார்.

சீஸ், தம்பி மனைவியோடு வந்தது.

அவள் போரூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்பவள். 2019 கடைசி நாள் இரவு, புத்தாண்டுக்குச் சீஸ் போர்டு வைக்கலாம் என்று ஒரு பையை இறக்கினாள். அதுவரைக்கும் அந்த வீட்டுக்குச் சீஸ் என்றால் டாம் அண்ட் ஜெர்ரியில் எலி தின்னும் ஓட்டைபோட்ட மஞ்சள் முக்கோணம், இல்லையென்றால் அமுல் கியூப். இவள் கொண்டுவந்தது கோடைக்கானல் செடார் ஒரு கட்டி, ஆரோவில்லின் லா ஃபெர்ம் பண்ணையில் செய்த ஒன்று, சென்னையிலேயே இரண்டு பெண்கள் ஆரம்பித்து, காது கேளாத பெண்களுக்கு வேலை கற்றுக்கொடுத்து நடத்தும் கேஸே என்ற சின்னக் கூடத்திலிருந்து ஒன்று. போர்டுக்கு எங்கே போவது? சப்பாத்திப் பலகையைக் கழுவித் துடைத்தார்கள். அதன் மேல் சீஸ், திராட்சை, வறுத்த முந்திரி. கூட வைக்க அவள் வாங்கிவந்த உப்பு பிஸ்கட் பாக்கெட் பையிலேயே நொறுங்கியிருந்தது.

அம்மா மேல்தட்டிலிருந்து டப்பாவை இறக்கினாள்.

ஸ்காட்லாந்தில் சீஸுக்குப் பக்கத்தில் ஓட்ஸ் ரொட்டி வைப்பது நீண்டநாள் வழக்கம். யார்க்‌ஷயர்க்காரர்கள் கிறிஸ்துமஸ் கேக்கையே வென்ஸ்லிடேல் சீஸோடு தின்பவர்கள். வெள்ளை ஸ்டில்டன் சீஸுக்குள் சர்க்கரையில் ஊறிய இஞ்சித்துண்டுகளைப் புதைத்தே விற்கிறார்கள். இந்த நியாயங்களெல்லாம் தம்பி மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். அம்மாவுக்குத் தேவைப்படவில்லை. செடார் ஒரு சீவல், அதன் கீழே பிஸ்கட், ஒரு கடி. கொஞ்சநேரம் மென்றாள்.

"மோர்ல இஞ்சி தட்டிப் போட்டா மாதிரி இருக்குது."

அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. பங்குனி உத்திரத்துக்குத் தண்ணீர்ப்பந்தலில் ஊற்றும் நீர்மோரில் இஞ்சி. தயிர்சாதத்தில் பொடியாக நறுக்கிய இஞ்சி.  புளித்த பாலோடு இஞ்சியைச் சேர்ப்பதற்கு நமக்கு வெளியிலிருந்து யாரும் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. சீஸும் உறைந்து, உப்பேறி, பல மாதம் வயதான பால்தான். அதன் கொழுப்பு நாக்கின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும்போது சுக்கின் காரம் அதைக் கிழித்துக்கொண்டு வரும். அடுத்த கடிக்கு வாய் சுத்தமாகிவிடும். கருப்பட்டியின் புகைமணம் செடாரின் உப்போடு நன்றாகச் சேர்ந்தது. ஆரோவில் சீஸ் மென்மையானது, சுக்கு அதை மிதித்துவிட்டது. அதற்கு மோர்மிளகாயே மேல் என்று தம்பி ஒரு யோசனை சொல்ல, அதையும் வறுத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் லாரிகள் ஹாரன் அடித்துப் புத்தாண்டைச் சொன்னபோது பலகையில் திராட்சைக் காம்பு மட்டும் மிச்சம். அப்பா தன் ஒன்றைத் தின்றுவிட்டு அடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, தேதி மாறிவிட்டது, எனவே இது நாளைய கணக்கு என்பது அவர் வாதம்.

இப்போது வீட்டில் சின்ன ஓவன் இருக்கிறது. 160 டிகிரி, பதினெட்டு நிமிஷம், ஒரே ஈட்டில் இருபதும் வந்துவிடும். குக்கர் உப்பின் மேல் வெந்ததில் இருந்த ஒரு அடிப்பிடித்த வாசனை இதில் இல்லை என்று அம்மா குறை சொல்கிறாள், அது உண்மை. பேரனுக்குச் சீஸ் இருந்தால் பிஸ்கட் வேண்டும், பிஸ்கட் இருந்தால் சீஸ் வேண்டும். ஆயாவின் தகர டப்பாவில் இருந்த சுக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது.

போன ஐப்பசியில் அவள் பூந்தமல்லி நாட்டு மருந்துக்கடையில் கால் கிலோ சுக்கு கேட்டாள். கடைக்காரர் வழக்கமாக ஐந்து ரூபாய்க்கு, பத்து ரூபாய்க்குப் பொட்டலம் கட்டுகிறவர். தராசில் போடப்போனவர் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"கால் கிலோவா? வீட்ல யாருக்கும்மா உடம்பு சரியில்லை?"

"யாருக்கும் இல்லைண்ணா. பிஸ்கட்டுக்கு."

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். சுக்கை நிறுத்துக் கட்டினார். பிறகு ஸ்டூலில் ஏறி, மேல் டிராயரிலிருந்து சித்தரத்தை ஒரு துண்டை எடுத்துப் பொட்டலத்தின் மேல் வைத்தார்.

"இதையும் கொஞ்சம் பொடிபண்ணிப் போட்டுப் பாரும்மா. நல்லா வந்தா எனக்கு ரெண்டு கொண்டா."